வேதம் சொன்னபடி கடை நடத்த முடியுமா?

கேள்வி இதுதான்: "காரைக்குடியில் பலகாரக் கடை போடப்போகிறேன். கிறிஸ்தவன். வேதத்துக்கு விரோதமில்லாமல் நடத்த ஆசை. 'அப்படி நடத்தினால் மூன்று மாதத்தில் ஷட்டரை இறக்கவேண்டியதுதான்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூடவேண்டுமா? தசமபாகம் விற்பனையில் எடுப்பதா, லாபத்தில் எடுப்பதா? வட்டிக்குக் கடன் வாங்கலாமா? கோயில் திருவிழாவுக்கு மகமை கேட்டு வந்தால் என்ன செய்வது?"

தம்பி, நான் போதகர் இல்லை. இந்த வட்டாரத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், சி.எஸ்.ஐ. சபைக்காரன். நான் கணக்கு பார்க்கிற கடைகளில் கல்லாவுக்கு மேலே வசனம் மாட்டியவர்களும் உண்டு, மாட்டாதவர்களும் உண்டு. வசனத்தை வைத்து ஒரு கடையைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தெரியாது. பேரேட்டைக் காட்டினால் சொல்லிவிடுவேன். அதில் நான் தேடுவது ஒன்றைத்தான்: அடுத்தவர் காசு இவர் கையில் எத்தனை நாள் தங்குகிறது? வேலையாள் கூலி, சரக்கு போட்டவர் பாக்கி, கல்யாண ஆர்டருக்கு வாங்கிய அட்வான்ஸ், அரசாங்கத்துக்குப் போகவேண்டிய வரி, தராசில் நின்றுவிட்ட ஐம்பது கிராம். வியாபாரத்தைப் பற்றி வேதம் வாய் திறக்கிற இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இதைத்தான் பிடித்துக்கொண்டு பேசுகிறது.

தராசிலிருந்தே ஆரம்பிப்போம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. நம் காலத்தில் நிறைகல் இல்லை, எலெக்ட்ரானிக் தராசு. அதை வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறையிடம் கொண்டுபோய் முத்திரை போடவேண்டும், போட்டுவிடுவீர்கள். பலகாரக் கடையில் ஏமாற்று தராசுக்குள் இருக்காது, அட்டைப்பெட்டியில் இருக்கும். காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து 'டேர்' பட்டனை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் தேன்குழலை அடுக்கவேண்டும். அமுக்காமல் அடுக்கினால் பெட்டியும் தேன்குழல் விலைக்குப் போகும். பெட்டி எழுபது கிராம், தேன்குழல் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு 28 ரூபாய். முகூர்த்த நாளில் ஐம்பது பெட்டி போனால் 1,400 ரூபாய். யாருக்கும் தெரியாது. கடைப்பையனுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் பட்டனை அமுக்காதே என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அதே பையன் கல்லாவில் கைவைத்தான் என்று முதலாளி அங்கலாய்ப்பதையும் கேட்டிருக்கிறேன்.

ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் ஒரு கூட்டம் வருகிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து, நிறையை ஏற்றி, தானியத்தோடு பதரையும் சேர்த்து விற்கலாம் என்று காத்திருக்கிறவர்கள். ஓய்வுநாள் அன்று அவர்கள் கடை திறக்கவில்லை, கவனியுங்கள். ஆராதனைக்கும் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய். பாமாயிலில் முறுக்குச் சுடுவது பாவம் என்று எந்த வசனமும் இல்லை. பாமாயிலில் சுட்டுவிட்டு "செக்குக் கடலை எண்ணெய்" என்று போர்டு வைப்பதுதான் கேள்வி. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது மலைப்பிரசங்கம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்குச் சட்டத்திலேயே வரம்பு உண்டு. எண்ணெய் கெடும்போது அதில் சேருகிற 'போலார் சேர்மங்கள்' 25 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 2018 முதல் இது விதி. அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் சட்டியில் நுரை கட்டி, நிறம் கறுத்து, புகை சீக்கிரம் கிளம்பினால் சரக்கு மாஸ்டருக்கே தெரியும். அவர் "மாத்தணும்" என்று சொன்னால் மாற்ற அனுமதி கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் விஷயம்.

பேரம் பேசுகிற ஊரில் ஒரே விலை சொன்னால் எடுபடுமா என்று கேட்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற சபையார் இதே மலைப்பிரசங்க வசனத்தை வைத்துக்கொண்டு பேரமே பேசமாட்டோம், சொன்ன விலைதான் விலை என்று நின்றார்கள். ஆரம்பத்தில் ஆள் வரவில்லை. சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் அதே விலைக்கு அதே சரக்கு கிடைக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிந்த பிறகு கூட்டம் அவர்களிடம் போயிற்று என்று அந்தச் சபையின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். பிற்பாடு சாக்லேட்டுக்குப் பேர்போன கேட்பரி குடும்பமும் குவேக்கர்தான். இதைச் சொல்லிவிட்டு ஒன்று சேர்க்கவேண்டும்: நேர்மையாக நடத்தினால் கட்டாயம் பெருகும் என்று நான் உங்களுக்கு வாக்கு கொடுக்கமாட்டேன். பெருகாமலும் போகும். "ஆசீர்வாதம் வரும், அதற்காக நேர்மையாக இரு" என்பதே ஒரு வியாபாரக் கணக்குதான்.

கூலிக்கு வருகிறேன், இங்கேதான் நான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது. "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமம் 19:13. உபாகமம் 24-இல் காரணமும் இருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல் ஆசையாய் இருக்கிறான், பொழுது சாயுமுன் கொடுத்துவிடு. நம் பக்கத்துப் பலகாரத் தொழிலில் முறுக்குச் சுற்றுவதும் சீப்புச் சீடை உருட்டுவதும் பெரும்பாலும் பெண்கள், கிலோ கணக்கில் கூலி. சுற்றி முடித்த அன்றே எடை போட்டுக் கையில் கொடுப்பதில் என்ன கஷ்டம்? கஷ்டம் ஒன்றும் இல்லை. "சனிக்கிழமை மொத்தமா வாங்கிக்க, ஆச்சி" என்றால் முதலாளிக்கு ஒரு வாரத்துக் கூலி வட்டியில்லாக் கடனாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மாளோ அதே வாரத்தில் அரிசிக்கும் மாத்திரைக்கும் தண்டல்காரரிடம் வட்டிக்கு வாங்குகிறாள். உங்கள் கடைக்காக அவள் வட்டி கட்டுகிறாள் என்று அர்த்தம்.

உடைந்த முறுக்குக்குக் கூலி கிடையாது என்று ஒரு வழக்கமும் உண்டு. மாவு பதம் தப்பியிருந்தால் யார் சுற்றினாலும் உடையும். மாவு பிசைந்தது கடை, நஷ்டம் சுற்றியவளுக்கா? நான் முதலாளியானால் உடைந்ததைத் தனி பாக்கெட்டில் குறைந்த விலைக்கு விற்பேன், கூலியை முழுசாகக் கொடுப்பேன்.

இதையெல்லாம் நம் சபைகள் மட்டும்தான் பேசின என்றில்லை. 1891-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பதிமூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில், தொழிலாளி வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டான் என்பதால் அது நியாயமான கூலி ஆகிவிடாது, சிக்கனமாக வாழ்கிற ஒரு தொழிலாளிக்குப் பிழைப்பு நடக்கவேண்டும் என்று எழுதினார். 2025-இல் வந்த போப்பாண்டவர் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்த மடலையே முக்கியக் காரணமாகச் சொன்னார். "நான் கேட்ட சம்பளத்துக்குத்தானே வந்தான்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மடலின் வாசகம் ஞாபகத்துக்கு வரும்.

சட்டத்தில் இருப்பதையாவது முதலில் செய்துவிடுங்கள். கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார நாற்காலி போடவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. வேலையாள் பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். கட்டவேண்டும் என்பதால் ஒன்பதாவது ஆளோடு பதிவேட்டை மூடிவிட்டுப் பத்தாவது ஆளை "சும்மா கூடமாட இருக்கார்" என்று சொல்கிற தந்திரம் எல்லாக் கணக்கெழுத்தருக்கும் தெரியும். உங்களுக்கு வேண்டாம்.

சரக்கு போடுகிறவர் பாக்கியும் இதே ரகம். புதுவயல் அரிசி ஆலைக்காரர், வெண்ணெய்க்காரர், பெட்டி அடித்துக் கொடுக்கிற சிறுதொழில்காரர். பதிவுசெய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கொடுக்கவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் சின்ன ஆள் கேட்கமாட்டார், கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும். அவர் கேட்காததுதான் உங்களுக்குச் சோதனை.

ஜிஎஸ்டி பற்றி சுருக்கமாக. சிறு கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது, உங்கள் கையிலிருந்துதான் கட்டவேண்டும். சாதாரணத் திட்டத்தில் இருந்தால் வாங்கிய வரி உங்கள் காசே இல்லை. அதைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பில் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைக் கல்லாவில் யாரும் கேட்கவேண்டாம்.

இனி தசமபாகம். வேதத்தில் தசமபாகம் விளைச்சலிலும் மந்தையிலும் எடுத்தது. கடைக்காரன் விற்பனையில் பத்தில் ஒன்று எடுத்தால் பல தொழிலில் மூலதனமே போய்விடும், ஏனென்றால் விற்பனையில் முக்கால்வாசி மாவுக்காரருக்கும் எண்ணெய்க்காரருக்கும் சொந்தம். உங்களுக்கு மிஞ்சியதில் எடுங்கள். அதற்கு முன்னால் மாற்கு 7-ஐப் படியுங்கள். தாய்தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் 'கொர்பான்', தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று அதில் இருக்கிறது. சம்பளப் பாக்கி வைத்துவிட்டு ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்கிற செக்கும் கொர்பான்தான். மேடையில் பெயர் வாசிப்பார்கள், கைதட்டுவார்கள், பேரேட்டில் முனியம்மாள் பெயருக்கு எதிரே பாக்கி அப்படியே நிற்கும்.

கொடுப்பதை எழுதுகிற முறையில் நாம் நகரத்தார்களிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம், படித்துக்கொள்ளலாம். வட்டிக்கடைகள் பர்மாவிலும் மலேயாவிலும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று மகமை ஒதுக்கிக் கோயில் பெயரிலேயே தனிக் கணக்கு வைத்தார்கள். நல்ல வருஷம் வந்தால் முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. அது கொடுபட வேண்டிய பாக்கி. மகமைப் பணத்தில் கோயில் திருப்பணி நடந்தது, பாடசாலை நடந்தது. நீங்களும் மாதக் கடைசியில் ஒதுக்கும் தொகையைச் 'செலவு' என்று எழுதாமல், தனித் தலைப்பில் 'கொடுக்க வேண்டியது' என்று எழுதுங்கள். 1991-இல் பிரேசிலில் கியாரா லூபிக் என்ற இத்தாலியப் பெண்மணி தொடங்கிவைத்த கத்தோலிக்க முயற்சி ஒன்றிலும் லாபத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள்: ஒன்று தொழிலுக்கு, ஒன்று ஏழைகளுக்கு, ஒன்று இப்படிப்பட்ட மனிதர்களை உருவாக்குவதற்கு. விகிதம் உங்கள் இஷ்டம்.

இதோடு சேர்ந்த ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன். கடை திறந்த முதல் வாரமே "பிரதர், நம்ம சபைதானே, எழுதி வச்சுக்கங்க" என்று ஆள் வருவார்கள். கடன் கொடுத்து நொடித்த கிறிஸ்தவக் கடைகளில் முக்கால்வாசி சபைக்காரர்களால் நொடித்தவை என்பது என் அபிப்பிராயம். இல்லாதவருக்குச் சும்மா கொடுங்கள், கணக்கிலே எழுதாதீர்கள். இருப்பவரிடம் காசு வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டாம்.

வட்டி. யாத்திராகமம் 22 ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிறது, போர்வையை அடகு வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடு என்கிறது. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது என்கிறது, அது உயிரையே அடகு வாங்குவது என்பதால். தாலந்து உவமையிலோ காசுக்காரரிடம் போட்டு வட்டியோடு வாங்கியிருக்கலாமே என்று எஜமான் கேட்கிறார். நடுக்காலத்துத் திருச்சபை வட்டியையே தடுத்தது, 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின் வியாபாரத்துக்கு வாங்கும் கடனுக்கு நியாயமான வட்டி ஆகலாம் என்றார். என் வாசிப்பு இதுதான்: தொழிலை வளர்க்க வாங்கும் கடன் வேறு, அரிசி வாங்க வாங்கும் கடன் வேறு. நீங்கள் வங்கியில் முத்ரா கடன் வாங்கி மாவரைக்கும் இயந்திரம் போடலாம், தாராளமாக. தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போகாதீர்கள், கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் வந்திருக்கிறது. வேலையாளுக்கு முன்பணம் கொடுத்தால் வட்டி போடாதீர்கள், அந்த முன்பணத்தைக் காட்டி அவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டியும் வைக்காதீர்கள்.

அடகைப் பற்றி வேதம் ஏன் அவ்வளவு பயப்படுகிறது என்று தெரிய இந்த மண்ணின் கதையே போதும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, 1937-க்குள் அது 25 சதவீதம் ஆனது. நிலம் வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் கடன் கொடுக்கவில்லை. காசு நின்றது, அடகு நிலம் கைக்கு வந்தது. உழுதவனுக்குக் கோபம் வந்தது. பின்னால் யுத்தம், சுதந்திர பர்மாவின் நிலச் சட்டம், எல்லாம் சேர்ந்து கொடுத்தவருக்கும் இல்லாமல், வாங்கியவருக்கும் இல்லாமல் போயிற்று. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பூட்டிக் கிடக்கிற சில பெரிய வீடுகளுக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. பலகாரக் கடைக்கு முகூர்த்தங்களில் பலவும் ஞாயிறுதான் வரும். மூடுவதா என்பதை உங்கள் மனசாட்சி சொல்லட்டும், மூடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டளையை முழுசாகப் படியுங்கள். நீ ஓய்ந்திரு என்பதோடு நிற்கவில்லை. உன் வேலைக்காரனும், வேலைக்காரியும், மிருகஜீவனும், உன் வாசலில் இருக்கிற அந்நியனும் ஓய்ந்திருக்கவேண்டும் என்கிறது. ஞாயிறு ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்கட்டில் திங்கள் ஆர்டருக்கு அடுப்பு எரிந்தால் யார் ஓய்ந்தார்கள்? ஞாயிறு ஆர்டர் எடுத்தே ஆகவேண்டும் என்றால் சனி இரவுக்குள் சரக்கை முடித்து டெலிவரிக்கு மட்டும் ஆள் வையுங்கள், அவருக்கு வேறொரு நாள் கட்டாயம் சம்பளத்தோடு விடுப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அது கேட்காமலே வரும். ஆர்டர் கொடுக்க வருகிறவர் "சரக்கு மாஸ்டர் யாரு, எந்த ஊரு?" என்பார். ஊரையா கேட்கிறார்? சாதியைக் கேட்கிறார். பல கடைகளில் அடுப்படிக்கு ஒரு சாதி, பாத்திரம் கழுவ ஒரு சாதி என்று பிரித்து வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். கிறிஸ்தவக் கடைகளும் விலக்கில்லை, நம் கல்லறைகளிலேயே சுவர் எழுப்பியிருந்த ஊர்கள் இருக்கும்போது அடுப்படி எம்மாத்திரம். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று பவுல் எழுதியதை நம்புகிறவர், கைப்பக்குவம் இருக்கிற ஆளை மாவு பிசையும் இடத்தில் வைக்கவேண்டும், வாடிக்கையாளர் வரும்போது அவரைப் பின்னால் போகச்சொல்லக் கூடாது. அதனால் ஓர் ஆர்டர் போனால் போகட்டும். இந்தப் பதிலில் நான் சொல்கிற விஷயங்களில் உண்மையிலேயே காசு நஷ்டம் வரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதேபோல "நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் வேலை" என்றும் வைக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் மங்களூர்ப் பக்கம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பேசல் மிஷன் நெசவாலையும் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலையும் தொடங்கியதற்கு ஒரு காரணம், கிறிஸ்தவரானதால் பழைய பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று காரைக்குடியில் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்து ஆள் எடுக்க எந்த நியாயமும் இல்லை.

கடைசியாக மகமை. கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெருவில் எல்லாக் கடையிலும் கேட்பார்கள், உங்களிடமும் கேட்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பூஜைக்கென்று கொடுக்க மனசு இடம் தரவில்லையானால் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அன்னதானத்துக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு என்று கொடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். சருகணி கத்தோலிக்க ஆலயத் தேர் மருது சகோதரர்கள் கொடுத்தது என்றுதான் இந்தப் பக்கம் சொல்கிறார்கள், கொடுத்து வாங்கிப் பழகிய சீமை இது. கோயிலுக்குப் பலகாரம் ஆர்டர் வந்தால் செய்து கொடுப்பதில் எனக்குத் தடை தெரியவில்லை. நீங்கள் விற்பது பலகாரம். எடையும் எண்ணெயும் சரியாக இருக்கட்டும். பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை இதைப் பேசியிருக்கிறார், உங்கள் போதகரோடு உட்கார்ந்து படியுங்கள், அவர் வேறு மாதிரிச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் வசனம் அச்சடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முறுக்குத் தின்று முடித்ததும் அந்தக் கவர் எங்கே கிடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் தயாரித்த தேதியைத் தெளிவாக அச்சடியுங்கள்.

ஆயுதபூஜை வரும்போது மாஸ்டர் கிரைண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கக் கேட்பார். அவர் நம்பிக்கை அது, அவர் வைக்கட்டும். நீங்கள் வைக்கவேண்டியதில்லை. பொரிகடலைக்குக் காசு கொடுங்கள், மறுநாள் விடுமுறை விடுங்கள். போனஸை அதற்கு முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள், துணி எடுக்க அவர்களுக்கு நாள் வேண்டும்.